மறையூர் மலைச்சரிவில் மணக்கும் எலுமிச்சைப்புல்: தைலம் காய்ச்ச விறகுதான் சிக்கல்

இடுக்கி: உடுமலைப்பேட்டையில் இருந்து சின்னாறு சோதனைச்சாவடியைக் கடந்து மூணாறு செல்வோர், மறையூரை நெருங்கும்போது சரிவுகளில் ஆளுயரத்துக்கு அடர்ந்து நிற்கும் புல்லைச் சாதாரணக் காட்டுப்புல் என்றே எண்ணுவர். அதன் இலையைக் கசக்கினால் எலுமிச்சை மணம் வீசும். கேரளத்தில் 'இஞ்சிப்புல்' என்றும் 'தெருவப்புல்' என்றும் அழைக்கப்படும் இந்தப் பல்லாண்டுத் தாவரத்தின் தைலமே, உலகச் சந்தையில் 'கொச்சி எண்ணெய்' எனப் பெயர் பெற்றது. கொச்சியில் அது விளையவில்லை. அங்கிருந்து கப்பல் ஏறியது, அவ்வளவே.

தேநீருக்காக வீட்டுத் தோட்டங்களில் வளர்க்கப்படுவது பெரும்பாலும் இதன் உறவினமான 'சிம்போபோகன் சிட்ரேட்டஸ்'. மேற்குத் தொடர்ச்சி மலையில் இயல்பாக வளர்வது 'சிம்போபோகன் ஃப்ளெக்சுவோசஸ்'. பாலக்காட்டின் அட்டப்பாடி கிழக்குப் பகுதி, இடுக்கியின் மறையூர், சின்னாறு போன்ற மழை மறைவுப் பகுதிகளின் வறட்சியையும் இது தாங்கும். கடும் மணம் காரணமாகக் கால்நடைகளும் காட்டு விலங்குகளும் பொதுவாக இதனை நாடுவதில்லை.

தைலத்தின் மதிப்பு அதில் உள்ள 'சிட்ரால்' என்ற வேதிப்பொருளில் அடங்கியுள்ளது. சோப்பு, நறுமணப் பொருட்கள், கொசுவிரட்டி ஆகியவற்றுடன், வைட்டமின் ஏ தயாரிப்பிலும் சிட்ரால் மூலப்பொருளாகிறது. 1893-ஆம் ஆண்டு ஜெர்மனி வேதியியலாளர் ஃபெர்டினாண்ட் டீமன், சிட்ராலில் இருந்து ஊதா மலரின் மணம் கொண்ட 'அயனோன்' என்ற பொருளை உருவாக்கிக் காட்டினார். மலைப்புல் வாசனைத் திரவியத் தொழிலுக்குள் நுழைந்த வழி இதுவே.

மறையூர், காந்தளூர் வட்டாரத்தில் முதுவர் பழங்குடியினர் நெடுங்காலமாக இப்புல்லை அறுத்துத் தைலம் எடுத்து வருகின்றனர். பெரிய கலத்தில் புல்லை அடைத்து, அடியில் தீ மூட்டி, எழும் நீராவியைக் குளிர்ந்த நீருக்குள் செல்லும் குழாய் வழியாகச் செலுத்துவர். குளிர்ந்து வடியும் நீரின் மேல் தைலம் மிதக்கும். காய்ச்சும் கொட்டகைகள் ஓடைக்கரையில் அமைவதற்குக் குளிர்நீரின் தேவையே காரணம்.

ஆனால், நூறு கிலோ புல்லில் கிடைப்பது ஏறத்தாழ கால் கிலோ தைலம் மட்டுமே. ஒவ்வொரு முறையும் அடுப்பு மணிக்கணக்கில் எரிய வேண்டும். சந்தன மரங்களுக்காகக் கடும் காவல் உள்ள காடுகளை ஒட்டிய பகுதியில் விறகு எளிதில் கிடைக்கும் பொருள் அல்ல. புல் இலவசம் என்றாலும் நெருப்பு இலவசம் இல்லை.

சாகுபடி செய்வோருக்கு எர்ணாகுளம் மாவட்டம் ஓடக்காலியில் 1951-இல் தொடங்கப்பட்ட ஆராய்ச்சி நிலையம் வழிகாட்டுகிறது. தற்போது கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் இந்நிலையம் உருவாக்கிய 'சுகந்தி' ரகம், மானாவாரியில் ஹெக்டேருக்கு 80 முதல் 100 கிலோ வரை தைலம் தரக்கூடியது. பருவமழைத் தொடக்கத்தில் நாற்று நட்டால் 90 நாட்களில் முதல் அறுவடை. பின்னர் 50 முதல் 55 நாட்களுக்கு ஒருமுறை, தரையில் இருந்து 10 சென்டிமீட்டர் விட்டு அறுக்கலாம். ஒருமுறை நட்ட புல் ஐந்து ஆண்டுகள் வரை பலன் தரும்.

மழைக்கு முன் பழைய தாள்களை எரித்துத் துளிர்க்க விடுவது மரபான வழக்கம். திறந்த வயலில் அது பயன் தரலாம். காட்டை ஒட்டிய சரிவில், கோடைக் காற்றில், அதே தீ காட்டுத்தீயாக மாறும் அபாயம் உண்டு.

சந்தையும் முன்போல் இல்லை. ஆலைகளில் செயற்கை சிட்ரால் தயாராகிறது. அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் தொடங்கிய 'அரோமா மிஷன்' திட்டத்தின் மூலம் பிற மாநிலங்களிலும் எலுமிச்சைப்புல் சாகுபடி பரவியுள்ளது. சமவெளியில் விளையும் தைலத்துடன், தலைச்சுமையாகப் புல் இறக்கும் மலைவாசிகள் போட்டியிட வேண்டியுள்ளது.

விறகுக்கு ஓரளவு மாற்று, காய்ச்சிய பின் மிஞ்சும் சக்கைப்புல்தான். உலர்த்தினால் அதையே அடுப்பில் இடலாம். புல் செழித்து வளரும் மழைக்காலத்தில்தான் அது எளிதில் உலர்வதில்லை.