அழாத குழந்தைக்கு நல்ல பெயர்

1940களின் இறுதியில் லண்டனில் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தால், பெற்றோர் வாசலோடு திரும்பிவிட வேண்டும். கைஸ் மருத்துவமனையில் ஞாயிறு பிற்பகல் 2 மணி நேரம் மட்டும் பார்க்கலாம். செயின்ட் தாமஸில் முதல் மாதம் அதுவும் கிடையாது. இரவு 7 மணிக்கு மேல், தூங்கும் பிள்ளையை வேண்டுமானால் பார்த்துவிட்டுப் போகலாம்.

வெளியாட்களால் தொற்று வரும் என்ற பயம் ஒரு காரணம். இன்னொன்று, வார்டின் அமைதி. அம்மா வந்துபோனால் பிள்ளை வீரிட்டு அழும். வராவிட்டால் சில நாளில் அடங்கிவிடும். ‘பழகிவிட்டது’ என்று நர்ஸுகள் நிம்மதியடைவார்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்போம் நாம். அங்கே அழாத பிள்ளைக்குத்தான் நல்ல பெயர்.

அந்த அமைதியைச் சந்தேகித்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். போர்க்காலத்தில் குழந்தை உளப்பகுப்பாய்வாளர் அன்னா ஃபிராய்டின் ஹாம்ப்ஸ்டெட் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தவர். பிறகு டாவிஸ்டாக் மனநல நிலையத்தில் மனநல மருத்துவர் ஜான் பவுல்பியோடு சேர்ந்து, ஆஸ்பத்திரிகளில் வார்டு வார்டாக உட்கார்ந்து கவனித்தார். பிள்ளைகள் முதலில் அம்மாவைக் கேட்டு அழுதார்கள். பிறகு நம்பிக்கையிழந்து ஒடுங்கினார்கள். கடைசியில் அம்மாவே வந்தாலும் ஒட்டவில்லை. நர்ஸுகள் ‘பழகிவிட்டது’ என்றது இந்த விலகலைத்தான்.

சொன்னால் டாக்டர்கள் நம்பவில்லை. அதனால் 1951இல் ராபர்ட்சன் சினிமா கேமராவைக் கையில் எடுத்தார். குடலிறக்க அறுவைக்கு வந்த லாரா என்ற இரண்டரை வயதுச் சிறுமியை, அவள் இருந்த 8 நாளும் படம்பிடித்தார். அழுகிற நேரமாகப் பார்த்து எடுத்ததாக யாரும் சொல்லிவிடக் கூடாதே! அதனால் தினமும் குறித்த நேரத்தில்தான் எடுத்தார்; சுவர்க் கடிகாரமும் படத்தில் தெரிந்தது. லாரா அதிகம் அழவில்லை. விளையாட்டுக்கு நடுவே முகம் மாறி, ‘அம்மா வேணும்’ என்று மெல்லக் கேட்பாள். வீட்டுக்குப் போகும் நாளில், தன் பொருள்களை எடுத்துக்கொண்டவள் அம்மாவின் கையைப் பிடிக்க மறுத்துவிட்டாள்.

1952இல் ராயல் மருத்துவச் சங்கத்தில் படம் திரையிடப்பட்டபோது டாக்டர்கள் பலர் கொதித்தார்கள். ஆஸ்பத்திரிகளின் பெயரைக் கெடுப்பதாகக் குற்றம்சாட்டினார்கள். ஆனாலும் 1959இல் ஹாரி பிளாட் தலைமையிலான அரசுக் குழு, பெற்றோர் எந்நேரமும் வரலாம், சிறு குழந்தைகளோடு தாய் தங்க ஏற்பாடு வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை வந்ததும் கதவு திறந்துவிடவில்லை. 1961இல் தாய்மார்கள் சங்கம் அமைத்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக வற்புறுத்த வேண்டியிருந்தது.

அந்த நர்ஸுகள் யாரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. வேலைக்கு வசதியான அமைதியைப் பிள்ளையின் நலம் என்று நம்பிவிட்டார்கள். ‘எங்கள் பிள்ளைகள் சத்தமே போட மாட்டார்கள்’ என்று இன்று ஒரு காப்பகமோ பள்ளியோ பெருமை பேசினால், அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளாமல் பெற்றோர் ஒருமுறை உள்ளே போய்ப் பார்ப்பது நல்லது.