மாட்டுக்கும் ஃபிட்னஸ் பேண்ட்... ஏ.ஐ இன்ஜினீயருக்குத் தொழுவத்தில் என்ன வேலை?

மாட்டு டாக்டர்கிட்ட போய், "நான் ஏ.ஐ வேலை பார்க்கிறேன்"னு சொல்லிப்பாருங்க. "எந்த ஊர்ல சினை ஊசி போடுறீங்க?"ன்னு கேட்பார். கால்நடைத் துறையில் ஏ.ஐ என்றால் ஆர்ட்டிஃபிஷியல் இன்செமினேஷன், அதாவது செயற்கை முறைக் கருவூட்டல். நம்ம கம்ப்யூட்டர் ஏ.ஐ அங்கே ஜூனியர்தான். இந்த ஜூனியருக்கு அங்கே கிடைத்த முக்கிய வேலையே, சீனியரை எப்போது கூப்பிடணும்னு சொல்வது!

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஐ.டி கம்பெனிகள் இருக்கின்றன. அதே அம்பத்தூரில் ஆவின் பால் பண்ணையும் இருக்கிறது. ஆவடி, பூந்தமல்லியைத் தாண்டினால் வீட்டு வாசலிலேயே கறவை மாடு. இந்த மூன்றையும் இணைக்கிற வேலை இது.

பசு சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அறிகுறி தெரிவது அரை நாள், முக்கால் நாள்தான். அதுவும் பல மாடுகளுக்கு ராத்திரியில். கவனிக்காமல் விட்டால் இன்னும் 21 நாள் காத்திருக்கணும். தீவனச் செலவு மட்டும் நிற்காது. அடுத்த கன்றும் அடுத்த கறவையும் தள்ளிப்போகும். இரண்டே மாடு வைத்திருக்கிற குடும்பத்துக்கு இது பெரிய அடி.

பருவத்தில் மாடு நிலைகொள்ளாமல் நடக்கும். அதனால் காலில் ஒரு பெடோமீட்டர் கட்டி, நடை கூடினால் போனுக்கு மெசேஜ் அனுப்புகிறார்கள். ஐ.ஐ.டி மெட்ராஸ் ஆதரவோடு வளர்ந்த, 2011-ல் தொடங்கிய பெங்களூரு நிறுவனமான ஸ்டெல்லாப்ஸின் 'மூஆன்' இந்த ரகம். கழுத்துப்பட்டை சென்சார்கள் அசைபோடும் நேரத்தை அளக்கும். அது குறைந்தால், மாட்டுக்கு ஏதோ சரியில்லை. ஸொயட்டிஸ் நிறுவனம் 2020-ல், மைக்ரோஸ்கோப் படத்தைப் பார்த்தே குடல்புழு முட்டையைக் கண்டுபிடிக்கும் ஏ.ஐ-யைக் கொண்டுவந்தது.

சரி, இன்ஜினீயருக்கு எங்கே தலைவலி? முதலில் கணக்கு. 21 நாளில் ஒரே ஒரு நாள்தான் பருவம். தினமும் கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை' என்று சொல்லும் மாடல்கூட 95 சதவிகிதம் மார்க் வாங்கிவிடும். ஆனால், ஒரு மாட்டைக்கூடக் கண்டுபிடித்திருக்காது! ஆக, வெறும் 'அக்யூரஸி'யைக் காட்டி யாராவது பெருமையடித்தால் நம்பாதீங்க. எத்தனை பருவத்தைத் தவறவிட்டது, எத்தனை முறை சும்மா அலாரம் அடித்தது... இந்த இரண்டையும் கேளுங்க.

அடுத்தது கயிறு. அவிழ்த்துவிட்ட பெரிய பண்ணை மாடுகளின் டேட்டாவில் பழகிய மாடல், நம்மூர் வாசலில் கட்டிப்போட்ட மாட்டிடம் திணறும். கட்டிப்போட்ட மாடு எங்கே நடக்கும்? எருமை இன்னும் மோசம், பருவத்துக்கு வந்ததையே பெரிதாக வெளியில் காட்டாது.

எனவே, பைத்தான் தெரிந்தால் மட்டும் போதாது. 'இன்றைக்குக் காலை இந்த மாட்டுக்குப் பருவம்' என்று யாராவது சரியாகக் குறித்துக்கொடுத்தால்தான் மாடல் கற்றுக்கொள்ளும். மாதவரத்தில் 1989-லிருந்து இயங்கும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாதிரி இடங்களின் டாக்டர்களோடு உட்காரணும். அதைவிட முக்கியம், பால் கறக்கிற அக்காவிடம் உட்காரணும். அவர் நடையை எண்ணுவதில்லை. விடாமல் கத்துதா, கண்ணாடி மாதிரி வழும்பு ஒழுகுதா என்றுதான் பார்ப்பார். கட்டிப்போட்ட மாட்டிடமும் தெரிகிற அறிகுறிகள் அவை. காலில் கட்டிய பெடோமீட்டருக்கு ரெண்டுமே தெரியாது.