வயதுக்கேற்ற மூச்சுக் கணக்கு

ஊரை விட்டு வந்து வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒற்றை அறையில் வாழும் குடும்பத்தில் குழந்தையும் பாட்டியும் ஒன்றாக இருமக்கூடும். இருவரையும் ஒரே அளவால் அளக்கலாமா? கூடாது. மூச்சை எண்ணும் தாதி வயதையும் கேட்பது இதனாற்தான்.

குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கையில் சட்டையை உயர்த்தி, நெஞ்சு எழுவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு 60, ஒரு வயது நிறையும் வரை 50, ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையை எட்டினால் நியூமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கையில் நெஞ்சின் கீழ்ப்பகுதி உட்குழிந்தால் ஆபத்து அதிகம். பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்கோ அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ உடனே கொண்டு செல்லுங்கள், சிகிச்சை இலவசம்.

வளர்ந்தோர் ஓய்வில் 12 முதல் 20 தடவை மூச்சு விடுவர். முதியோருக்கோ காய்ச்சல் இல்லாமலும் நியூமோனியா வரலாம்; திடீர்த் தடுமாற்றமும் பசியின்மையுமே அடையாளமாகலாம். “வயது போனால் அப்படித்தான்” என்று விட்டுவிடாதீர்கள்.