ஒரு கோலின் விலை: குழுச் சுற்றுக் கணக்கை வாசிப்பது எப்படி?

2021 நவம்பர் 16. கொழும்பு குதிரைப் பந்தயத் திடல் மைதானத்தில் நான்கு நாடுகள் மோதிய பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ கிண்ணத்தின் லீக் சுற்று அன்றோடு முடிகிறது. விடிந்தபோது புள்ளிப் பட்டியல் இப்படி: சீஷெல்ஸ் 4, பங்களாதேஷ் 4, இலங்கை 1, மாலைதீவு 1. முதல் இரண்டு இடங்களுக்கு இறுதிப்போட்டி. மற்ற இருவருக்கும் வீட்டுக்குப் போகும் வழி. பங்களாதேஷுக்கு இலங்கையுடன் சமநிலை போதும். இலங்கைக்கு வென்றே ஆகவேண்டும்.

பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தவருக்கு நம் அணி ஏறக்குறைய முடிந்துபோன கதை. உண்மையில் இலங்கையின் கையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சேமிப்பு இருந்தது. ஆறு நாட்களுக்கு முன் மாலைதீவுடன் ஆடி 4-4 எனச் சமநிலையில் முடித்த போட்டியில், ஜேர்மனியில் பந்து விளையாடிப் பழகிய வசீம் ராசிக் தனியொருவராக நான்கு கோல்களையும் போட்டிருந்தார். அந்த ஆட்டத்துக்குக் கிடைத்தது ஒரேயொரு புள்ளிதான். ஆனால் கோல்கள் பட்டியலில் நின்றன. இலங்கை 2-1 என பங்களாதேஷை வென்றது. இரு அணிகளுக்கும் புள்ளி 4. கோல் வித்தியாசமும் இருவருக்கும் பூச்சியம்: இலங்கை ஆறு போட்டு ஆறு வாங்கியது, பங்களாதேஷ் நான்கு போட்டு நான்கு வாங்கியது. போட்ட கோல்களை எண்ணினால் இலங்கை மேலே. இருவரும் நேருக்கு நேர் ஆடிய போட்டியைப் பார்த்தாலும் இலங்கை மேலே. இறுதிப்போட்டிக்குப் போனது இலங்கை.

அன்றைய மற்றப் போட்டியில் மாலைதீவும் சீஷெல்ஸும் கோலின்றிச் சமநிலை கண்டன. அதில் மட்டும் மாலைதீவு வென்றிருந்தால் நான்கு அணிகளும் ஆளுக்கு 4 புள்ளியுடன் ஒரே வரிசையில் நின்றிருக்கும். நான்கு பேரும் சமம், இரண்டு பேருக்கு மட்டுமே இடம். அப்படிப்பட்ட நேரத்தில் யார் உள்ளே, யார் வெளியே என்று சொல்வது பந்தல்ல, சுற்றுப்போட்டி விதிக்கோவையின் ஒரு பக்கம். பெரும்பாலான ரசிகர்கள் அந்தப் பக்கத்தைக் கடைசி நாள் மாலையில்தான் தேடுகிறார்கள். கணக்கோ முதல் போட்டியின் முதல் நிமிடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

அடிப்படை எளிது. நான்கு அணிகள் கொண்ட குழுவில் ஒவ்வொரு அணியும் மற்ற மூன்றுடனும் ஒருமுறை ஆடும். மொத்தம் 6 போட்டிகள். வெற்றிக்கு 3, சமநிலைக்கு 1. முன்பு வெற்றிக்கு 2 புள்ளிதான். உலகக் கிண்ணத்தில் 1994 முதல் மூன்றானது. இரண்டு புள்ளிக் காலத்தில் இரண்டு சமநிலை ஒரு வெற்றிக்குச் சமம். மூன்றாக்கிய பிறகு சமநிலைக்காக ஆடுவது நட்டக் கணக்கு.

நட்டம் என்று தெரிந்தும் அணிகள் அந்த வலையில் விழத்தான் செய்கின்றன. 2019 ஆசியக் கிண்ணத்தில் இந்தியா முதல் போட்டியில் தாய்லாந்தை 4-1 என்று வென்றது, அடுத்து ஐக்கிய அரபு இராச்சியத்திடம் 0-2 எனத் தோற்றது. ஷார்ஜாவில் பஹ்ரைனுடனான கடைசிப் போட்டியில் சமநிலை ஒன்றே போதும். 90 நிமிடங்களும் கோலின்றிப் போயின. மேலதிக நேரத்தில் பஹ்ரைனுக்கு ஒரு பெனல்டி; 0-1. அந்த ஒரு கோலால் இந்தியா இரண்டாம் இடத்திலிருந்து குழுவின் அடிமட்டத்துக்கு விழுந்தது. இந்தியாவிடம் நான்கு வாங்கிய தாய்லாந்து அடுத்த சுற்றுக்குப் போனது.

இனிச் சிக்கலான இடம். புள்ளி சமமானால் என்ன செய்வது? இதற்கு உலகில் இரண்டு பள்ளிகள் உண்டு. ஒன்று, முழுக் குழுவிலும் எடுத்த கோல் வித்தியாசத்தை முதலில் பார்ப்பது. கட்டாரில் நடந்த 2022 உலகக் கிண்ணம் வரை பீபா இப்படித்தான் செய்தது. மற்றது, சமமாக நிற்கும் அணிகள் தமக்குள் ஆடிய போட்டியை முதலில் பார்ப்பது. ஐரோப்பாவும் ஆசியாவும் பின்பற்றும் வழி. 2026 உலகக் கிண்ணத்துக்கு பீபாவும் இந்தப் பக்கம் வந்துவிட்டது.

நமக்கு எது நல்லது? பலவீனமான அணிக்கு இரண்டாவது வழிதான் கருணையானது என்பது என் கட்சி. பலசாலி ஒருவரிடம் ஆறு கோல் வாங்கிய நாள் ஒன்று எந்தச் சிறிய அணிக்கும் வரும். முதல் முறையில் அந்த ஆறும் கடைசிவரை முதுகில் தொங்கும். இரண்டாம் முறையில், உன் தரத்து அணியை நீ வென்றாயா என்பதே முதற் கேள்வி. எதிர்வாதம் இல்லாமலில்லை: கோல் வித்தியாசம் முதலில் வந்தால் 3-0 என முன்னிலையில் இருப்பவரும் நான்காவது கோலுக்கு ஓடுவார், ஆட்டம் கடைசி நிமிடம்வரை உயிரோடிருக்கும். பார்வையாளருக்கு அது நல்லது. சூடு தின்னும் கோல் காப்பாளரைக் கேட்டால் வேறு பதில் வரும்.

இப்படியொரு பிரச்சினை வந்தால் வெற்றியைப் பங்குபோட்ட காலமும் இருந்தது. 1952இல் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய நான்கும் கொழும்பில் கூடி, கொழும்புக் கிண்ணம் என்று பெயர்பெற்ற நாற்கோணச் சுற்றுப்போட்டியை ஆடின. எல்லோரும் எல்லோருடனும் ஆடும் ஒரே குழு. இறுதிப்போட்டி என்று தனியாக ஒன்றில்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் முதலிடத்தில் சமமாக நின்றன, கிண்ணத்தை இருவருக்குமாகக் கொடுத்து முடித்தார்கள். தொடர்ந்து ரங்கூன், கல்கத்தா, டாக்கா என்று சுற்றிய அந்தப் போட்டி 1955உடன் நின்றுபோனது. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரு கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டதை இன்றைய தலைமுறைக்குச் சொன்னால் நம்பப் பலர் யோசிப்பார்கள்.

இரத்மலானை முதல் கொட்டாஞ்சேனை வரை வார இறுதிகளில் நடக்கும் ஆறு பேர் போட்டிகளில் இந்தப் பிரச்சினை இன்றும் சச்சரவில் முடிவதுண்டு. பழைய மாணவர் சங்கமோ விளையாட்டுக் கழகமோ நடத்தும், குழு பிரிப்பார்கள், இரண்டு அணிகள் சமமானதும் மத்தியஸ்தரைச் சுற்றிக் கூட்டம் கூடும். “அண்ணே, நாங்கதானே அவங்கள அடிச்சோம்” என்பார் ஒருவர். “எங்களுக்குத்தான் கோல் கூட” என்பார் மற்றவர். இருவரும் சொல்வது சரி. இருவரும் வெவ்வேறு பள்ளிக்காரர்கள். குழுவுக்குச் சீட்டுக் குலுக்கும் முன்பே, எது முதலில் எது பின்னால் என்று ஒரு தாளில் எழுதி அணித்தலைவர்களிடம் கையொப்பம் வாங்கிவிட்டால் மாலை ஐந்து மணிச் சண்டை பாதி குறையும்.

கடைசிப் போட்டிகளை ஏன் ஒரே நேரத்தில் நடத்துகிறார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1982இல் ஸ்பெயினில் அல்ஜீரியா மேற்கு ஜேர்மனியையே 2-1 என்று வீழ்த்தியது. தன் கடைசிப் போட்டியை அது ஜூன் 24ஆம் திகதி ஆடி முடித்தது. மறுநாள் கிஹோன் நகரில் மேற்கு ஜேர்மனியும் ஒஸ்ட்ரியாவும் மோதின. ஜேர்மனி ஓரிரு கோல்களால் வென்றால் இருவருமே உள்ளே, அல்ஜீரியா வெளியே என்பது இருவருக்கும் தெரியும். பத்து நிமிடமளவில் ஜேர்மனிக்கு ஒரு கோல் விழுந்தது. மிச்ச நேரமெல்லாம் பந்தைத் தமக்குள் உருட்டிக்கொண்டிருந்தார்கள். விதி எதுவும் மீறப்படவில்லை; ஆகவே தண்டனையும் இல்லை. அடுத்த உலகக் கிண்ணத்திலிருந்து ஒவ்வொரு குழுவின் கடைசி இரு போட்டிகளும் ஒரே வேளையில் தொடங்குகின்றன. ஒரேயொரு மைதானத்தில் நடக்கும் நம் ஊர்ச் சுற்றுப்போட்டிகளுக்கு அந்த வசதி கிடையாது. 2021இலும் அதுதான் நிலை.

குழுவில் மூன்று அணிகள் மட்டும் இருந்தால் ஒரே நேரம் என்பதே சாத்தியமில்லை. கடைசி நாளில் யாராவது ஒருவர் சும்மா இருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 2026 உலகக் கிண்ணத்தை மும்மூன்று அணிகள் கொண்ட 16 குழுக்களாக நடத்த பீபா முதலில் திட்டமிட்டிருந்தது. 2023 மார்ச்சில் அதைக் கைவிட்டு, நான்கு அணிகள் கொண்ட 12 குழுக்கள் என்று மாற்றியது. இதன் விலை: மொத்தம் 104 போட்டிகள், அவற்றில் 72 குழுச் சுற்றில் மட்டும். 72 போட்டிகள் ஆடியும் 48 அணிகளில் 16தான் வெளியேறும். ஒவ்வொரு குழுவிலும் முதல் இருவரோடு, மூன்றாமிடம் பிடித்த பன்னிரண்டில் சிறந்த எட்டும் போகும். ஒன்றையொன்று சந்திக்காத, வெவ்வேறு எதிரிகளுடன் ஆடிய அணிகளை எப்படி ஒப்பிடுவது? உயர்தரப் பரீட்சையில் வெவ்வேறு பாடம் எடுத்த பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்த நமக்கு இசட் புள்ளியாவது இருக்கிறது. கால்பந்தாட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. வெறும் புள்ளி, வெறும் கோல்.

குழுச் சுற்றில் தள்ளாடிப் போனவர்கள் கிண்ணத்தோடு திரும்பிய கதைகளும் உண்டு. 1982இல் இத்தாலி மூன்று போட்டிகளிலும் சமநிலை. கெமரூனும் மூன்றிலும் சமநிலை. இத்தாலி போட்டது 2 கோல், கெமரூன் 1. ஒரு போட்டியிலும் தோற்காத கெமரூன் வீடு திரும்பியது, இத்தாலி உலகச் சம்பியன் ஆனது. 2016 ஐரோப்பியக் கிண்ணத்தில் போர்த்துக்கலும் மூன்று சமநிலையோடு மூன்றாமிடத்தில் நுழைந்துதான் வென்றது. குழுவில் முதலிடம் பிடிப்பதால் எல்லாம் கைகூடிவிடாது என்பதை நாமும் பார்த்திருக்கிறோம். 2008 தெற்காசியக் கிண்ணத்தில் கொட்டாஞ்சேனைக்கு அருகிலுள்ள சுகததாச அரங்கில் இலங்கை தன் குழுவில் முதலாவதாக வந்தது. அரையிறுதியில் மாலைதீவிடம் 0-1. 2021இலும் இறுதிப்போட்டியில் சீஷெல்ஸுடன் 3-3 என நின்று, பெனல்டியில் கிண்ணத்தை விட்டோம். அந்த சீஷெல்ஸ் லீக் சுற்றின் மூன்று போட்டிகளிலும் சேர்த்துப் போட்டது வெறும் 2 கோல்.

ஆனால் மூன்று அணிக் குழுவின் கொடுமையை நமக்குப் படிப்பித்தது 2018 டாக்கா. தெற்காசியச் சம்பியன்ஷிப்பில் இந்தியா, மாலைதீவு, இலங்கை ஒரே குழு, இருவருக்கு அரையிறுதி. செப்டெம்பர் 5ஆம் திகதி பக்கீர் அலியின் பயிற்றுவிப்பில் இறங்கிய இலங்கை, பெரும்பாலும் 23 வயதுக்குட்பட்டவர்களை அனுப்பியிருந்த இந்தியாவிடம் 0-2 எனத் தோற்றது. 7ஆம் திகதி மாலைதீவுடன் 0-0. அத்தோடு இலங்கையின் வேலை முடிந்தது. 9ஆம் திகதி இந்தியாவும் மாலைதீவும் ஆட, நம் வீரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாலைதீவு கோலில்லாமல் மூன்று வாங்கினால் இலங்கை உள்ளே. இந்தியா இரண்டு போட்டது. மூன்றாவது வரவேயில்லை.

இப்போது பட்டியலைப் பாருங்கள். இலங்கை, மாலைதீவு இருவருக்கும் புள்ளி 1. போட்டது 0, வாங்கியது 2. நேருக்கு நேர் 0-0. கணக்கில் பிடிக்க ஒரு நூல்கூட இல்லை. நாணயம் சுண்டினார்கள், மாலைதீவுக்கு விழுந்தது. குழுச் சுற்றில் ஒரு வெற்றியும், ஏன் ஒரு கோலும்கூட இல்லாத மாலைதீவு அரையிறுதியில் நேபாளத்தை 3-0 என்று வென்று, இறுதியில் அதே இந்தியாவை 2-1 என வீழ்த்திச் சம்பியனானது.

அன்று ஊரில் எல்லோரும் நாணயத்தைத்தான் திட்டினார்கள். திட்டவேண்டிய இடம் செப்டெம்பர் 5. இந்தியாவுடனான போட்டி 0-2 என்று ஆன பிறகு, தோல்வி நிச்சயம் என்ற நிலையிலும் ஒரேயொரு கோல் போட்டு 1-2 என்று தோற்றிருந்தால் இலங்கை அரையிறுதியில். தோற்ற போட்டியின் கடைசிக் கால் மணி நேரத்துக்கும் விலை உண்டு என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய குழு எனக்குத் தெரிந்து வேறில்லை.

அதே 2018இல் உலகக் கிண்ணத்தில் ஜப்பானும் செனகலும் இதேபோல் எல்லாவற்றிலும் சமமாக நின்றபோது மஞ்சள் அட்டைகளை எண்ணினார்கள்: ஜப்பான் 4, செனகல் 6. ஜப்பான் போனது. அட்டையும் சமமானால் அப்போதைய விதிப்படி சீட்டுக் குலுக்கல். 2026 விதியில் அந்தக் கடைசிப் படியையும் மாற்றிவிட்டார்கள். சீட்டுக்குப் பதில் பீபா உலகத் தரவரிசை. மேலே இருப்பவர் உள்ளே.

அதிர்ஷ்டத்தை ஒழித்தாயிற்று என்று இதைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. 200ஐ அண்டிய இடத்தில் நிற்கும் நாட்டிலிருந்து பார்த்தால் காட்சி வேறு. நாணயம் நமக்குப் பாதி வாய்ப்புத் தந்தது. தரவரிசை ஒன்றுமே தராது. டாக்காவில் இந்த விதி இருந்திருந்தால் சுண்டவே தேவையில்லை. மாலைதீவு அப்போது நம்மைவிடப் பல படிகள் மேலே. தெற்காசியச் சம்மேளனமும் நாளை இந்த வழிக்கு வந்தால், குழுவில் யாருடன் சமமாக நின்றாலும் பெரும்பாலும் நாமே வெளியே.

தரவரிசையில் ஏற ஒரே வழி ஆடுவதுதான். 2018 ஓகஸ்ட் முதல் பீபா பயன்படுத்தும் முறையில் ஒவ்வொரு சர்வதேசப் போட்டிக்கும் எதிரணியின் பலத்தைப் பொறுத்துப் புள்ளி கூடும் அல்லது குறையும். சிநேகபூர்வ ஆட்டங்களுக்கும் கணக்குண்டு. 2024 மார்ச்சில் பீபா தொடருக்காக பப்புவா நியூகினியும் பூட்டானும் கொழும்புக்கு வந்தன. முதலாவதுடன் 0-0, பூட்டானுடன் 2-0. கிண்ணமோ அடுத்த சுற்றோ இல்லாத ஆட்டங்கள் என்று பலர் மைதானத்தின் பக்கமே போகவில்லை. அந்தச் சமநிலையும் வெற்றியும் தரவரிசைக் கணக்கில் ஏறியிருக்கின்றன.