ஊர்ச் சேவைச் சங்கமும் அதன் கணக்கேடும்

களியக்காவிளையைக் கடந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் பாறசாலையும், அதற்கப்பால் நெய்யாற்றின்கரையும் உள்ளன. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம் உள்ளிட்ட தென்திருவிதாங்கூர் வட்டங்கள் நான்கும் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்தபோதும் கொள்வினை கொடுப்பினையும் சந்தையும் மருத்துவமனையும் இருபுறத்தார்க்கும் பொதுவாகவே உள்ளன. இப்பகுதியின் சேவைச் சங்கங்களைப் பற்றி எண்ணும்போது இதனை நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

ஊரார் கூடிப் பொதுப்பணி செய்வது இங்குப் புதிதன்று. நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள அருவிப்புறத்தில் 1888ஆம் ஆண்டு ஸ்ரீ நாராயண குரு சிவப் பிரதிஷ்டை செய்தார். அதனையொட்டி அன்பர்கள் அமைத்த சிறு கூட்டம் வாவூட்டு யோகம் எனப்பட்டது. வாவு என்பது அமாவாசை, பௌர்ணமி நாள்களைக் குறிக்கும் மலையாளச் சொல்; ஊட்டு என்பது உணவளித்தல். அக்கூட்டமே வளர்ந்து, டாக்டர் பல்புவின் முயற்சியும் சேர, 1903இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமாகப் பதிவு பெற்றது. கவிஞர் குமாரன் ஆசான் அதன் முதல் செயலாளர். பெரும் இயக்கமொன்றின் வேர், குறித்த நாளில் தவறாது கூடிய ஒரு சிறு குழுவில் இருந்தது என்பதே நம்மை ஈர்க்கிறது.

1945இல் பி.என்.பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களை ஒன்றிணைத்துத் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தைத் தொடங்கினார். கேரளச் சிற்றூர்களில் வாசகசாலையும் இளைஞர் மன்றமும் ஒரே கூரையின்கீழ் இயங்குவது இன்றும் இயல்பு. வெளிநாட்டில் பிறந்த ரோட்டரி சங்கம் (1905), லயன்ஸ் சங்கம் (1917) ஆகியவற்றின் முறைகளும் பின்னர் வந்து கலந்தன. ஹெலன் கெல்லர் 1925இல் விடுத்த வேண்டுகோளே லயன்ஸ் சங்கத்தாரைக் கண்ணொளிப் பணிக்குத் திருப்பியது; நம் ஊர்களில் நடைபெறும் இலவசக் கண் சிகிச்சை முகாம்களுக்குப் பின்னால் அவ்வரலாறும் உண்டு.

எனினும், முகாம்களைக் காட்டிலும் அரிய பணி ஒன்று உண்டு என்பது நம் கருத்து. அது படுக்கையில் கிடக்கும் நோயாளியின் வீட்டுக்கு வாரந்தோறும் செல்வது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்புச் சிகிச்சை இயக்கம் கேரளமெங்கும் பரவ, 2008இல் மாநில அரசு அதற்கெனக் கொள்கை வகுத்தது. செவிலியர் புண்ணைத் துடைத்துக் கட்டுவார். உடன் செல்லும் தொண்டர், வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்குச் செல்கிறதா என்று பார்ப்பார். சக்கர நாற்காலியும் வாட்டர் பெட்டும் இரவலாகத் தரப்படும். ஒருவர் தேறிய பின்போ மறைந்த பின்போ அவை திரும்பி வந்தால்தான் அடுத்தவருக்குப் பயன்படும். துக்கம் நிகழ்ந்த வீட்டில் போய்க் கட்டிலைக் கேட்பது எளிதன்று, அதற்கும் ஒரு பக்குவம் வேண்டும், பதிவேடும் வேண்டும்.

பதிவேட்டுக்கு அடுத்தது பணம். சங்கங்கள் பல குலைவது பணி இல்லாமையால் அன்று, கணக்கில் எழும் ஐயத்தால். லயன்ஸ் சங்க விதிப்படி நிர்வாக நிதியும் சேவை நிதியும் தனித்தனியே நிற்க வேண்டும்: உறுப்பினர் சந்தாவைக் கொண்டு சங்கத்தை நடத்தலாம், மக்களிடம் திரட்டியது மக்கள் பணிக்கே செல்ல வேண்டும். எந்த ஊர் மன்றமும் இதனைப் பின்பற்றலாம்.

பாறசாலையில் எழுவர் கூடினால் 1955ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டத்தின்கீழ்ச் சங்கத்தைப் பதிவு செய்யலாம். களியக்காவிளையிலோ 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம் பொருந்தும். வங்கிக் கணக்கு செயலாளர் பெயரில் இல்லாமல் சங்கத்தின் பெயரில், இருவர் கையொப்பத்துடன் இயங்குவதே நன்று. 80ஜி வரிச்சலுகை நாடுவோர் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடையை ரொக்கமாகத் தராமல் வங்கி வழியே தர வேண்டும்.

வளைகுடா நாடுகளில் பணிபுரியும் இந்தியக் குடிமக்கள் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பும் தொகை வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் தருவது, அவர் இவ்வூரிலேயே பிறந்தவராயினும், வெளிநாட்டு நன்கொடையே. அதனை ஏற்க மத்திய அரசின் பதிவோ முன் அனுமதியோ தேவை. ஆகவே நன்கொடையாளரின் கடவுச்சீட்டு எந்நாட்டது என்பதைக் கேட்டுக் குறித்துக்கொண்ட பின்னரே செயலாளர் ரசீது எழுத வேண்டும்.