விசையை அழுத்தினால் மட்டும் போதுமா?

கொழும்பு பஞ்சிகாவத்தை முதல் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, அக்கரைப்பற்று, புத்தளம் வரை எந்த நகரத்தின் வீதியோரத்திலும் ஓர் இரும்பு வேலைப் பட்டறையையேனும் காணாமல் கடந்து செல்ல முடியாது. வீட்டுப் படலை, யன்னல் கம்பி, மாடிப்படிக் கைபிடி, உழவு இயந்திரப் பெட்டி, முச்சக்கர வண்டியின் அடிச்சட்டம் என எமது அன்றாட வாழ்வைத் தாங்கி நிற்கும் எத்தனையோ பொருட்கள் இத்தகைய பட்டறைகளிலேயே உருப்பெறுகின்றன. பாடசாலைக் கல்வியை இடைநடுவில் விட்ட இளைஞர்கள் பலருக்கும் இப்பட்டறைகளே தொழில் கற்கும் இடமாக அமைந்துள்ளன.

நீண்டகாலமாக இங்கு வெல்டிங் குச்சியே ஆட்சி செலுத்தி வந்தது. இப்போது சிறிய மிக் வெல்டிங் இயந்திரங்களும் இடம்பிடித்துள்ளன. "விசையை அழுத்தினால் போதும், யாரும் ஒட்டலாம்" என்று கூறியே இவை விற்கப்படுகின்றன. வேலை இலகுவாகியுள்ளது என்பது உண்மையே. எனினும், இலகுவான வேலை என்பதும் ஆபத்தற்ற வேலை என்பதும் ஒன்றல்ல. இவ்வியந்திரத்தின் உள்ளே இருக்கும் கம்பி ஊட்டியை, அதாவது பட்டறைகளில் வயர் பீடர் என அழைக்கப்படும் பகுதியை, முறையாகப் பொருத்தவும் இயக்கவும் பராமரிக்கவும் அறியாதவரின் கையில் அது கண்ணையும் விரலையும் காவு கொள்ளக்கூடிய கருவியாகும். இது குறித்துப் பட்டறை உரிமையாளர்களினதும் பெற்றோரினதும் கவனத்தை ஈர்ப்பது எமது கடமையெனக் கருதுகின்றோம்.

வெல்டிங் குச்சியைப் பயன்படுத்துபவர் குச்சி கரைந்து முடிந்ததும் வேலையை நிறுத்தி வேறொன்றை மாட்ட வேண்டும். உருளையில் சுற்றப்பட்ட கம்பியொன்றை இடைவிடாது செலுத்தி, அதனைச் சுற்றி வாயுவைப் பாய்ச்சி உலோகத்தை இணைக்கும் முறை 1948 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பட்டேல் ஞாபகார்த்த நிறுவனத்தில் அலுமினியத்துக்கென உருவாக்கப்பட்டது. 1950 களில் காபனீரொட்சைட்டு வாயுவின் பயன்பாட்டுடன் அது உருக்கு வேலைக்கும் பரவியது. கம்பி ஊட்டியில் ஒரு சிறு மோட்டார், கம்பியை இறுகப் பற்றித் தள்ளும் இரு உருளைகள், கம்பிச் சுருள் மாட்டும் அச்சு ஆகியன உள்ளன. உருளைகள் தள்ளும் கம்பி, டோர்ச் கேபிளினுள் இருக்கும் சுருட்குழாய் வழியே சென்று, நுனியிலுள்ள செப்பு முனையினூடாக வெளியேறுகின்றது. மின்னோட்டம் கம்பிக்குக் கிடைப்பது இச்செப்பு முனையில்தான்.

இங்கேதான் முதலாவது தவறான எண்ணம் தலைதூக்குகின்றது. மின்சாரம் டோர்ச்சின் நுனியில் மட்டுமே உள்ளதெனப் பலர் நினைக்கின்றனர். கம்பி ஒரே தொடர்ச்சியான உலோகம் என்பதை அவர்கள் மறந்து விடுகின்றனர். விசையை அழுத்திய கணத்தில் நுனி முதல் உருளைகள் வரையும், உருளைகள் முதல் பெட்டிக்குள் இருக்கும் சுருள் வரையும் யாவும் மின்னூட்டம் பெறுகின்றன. கம்பி சிக்கிக்கொண்டதும் மூடியைத் திறந்து ஒரு கையால் உருளையைத் தடவியபடி மறு கையால் விசையை அழுத்திப் பார்ப்பது எவ்வளவு விபரீதமானது என்பதை இதிலிருந்து உணரலாம். வில் எரியும்போது அதன் மின்னழுத்தம் சுமார் 15 முதல் 30 வோல்ற்று மட்டுமே என்று சிலர் வாதிடக்கூடும். வில் எரியாதபோது அது அதனிலும் உயர்வாக இருக்கும். வியர்வையில் நனைந்த உடையும் ஈரமான கையுறையும் வெறுங்காலும் சேர்ந்தால் ஆபத்து மேலும் அதிகரிக்கும். பெட்டியின் பின்பக்கம் நுழைவதோ 230 வோல்ற்று மின்சாரமாகும்.

ஆதலால், புவித்தொடுப்புள்ள மின்னிணைப்பு, ஒழுங்காகச் செயற்படும் ரிப் சுவிட்ச், தோல் உரியாத கேபிள் ஆகிய மூன்றும் இன்றி இயந்திரத்தை இயக்கவே கூடாது. மழைநீர் தேங்கிய நிலத்தில் நின்று வேலை செய்வதும் புவிக்கம்பியை வெட்டிவிட்டு இரு முனைகளை மட்டும் சொருகுவதும் உயிருடன் விளையாடுவதற்கு ஒப்பானவை. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் இயந்திரத்தினுள் இருக்கும் கொள்ளளவிகளில் மின் தங்கியிருக்கக்கூடும். எனவே உட்புறப் பழுதுகளைத் தகுதிபெற்ற திருத்துநரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

அடுத்ததாகக் கம்பியைப் பொருத்தும் முறையை நோக்குவோம். இதற்குப் பத்து நிமிடங்கள் போதுமானவை. முதலில் மின்னிணைப்பைத் துண்டித்து, கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொள்ள வேண்டும். புதிய சுருளின் கம்பி வில்லைப் போன்று இறுக்கிச் சுற்றப்பட்டிருப்பதால், அதன் நுனியை அவிழ்த்தவுடன் சீறிப் பாய்ந்து முகத்தில் அடிக்கும். நுனியை விடாது பிடித்தபடியே வளைந்த பகுதியை வெட்டி, கூரை அரத்தால் மழுங்கச் செய்த பின்னரே உள்ளே செலுத்துதல் வேண்டும். கம்பி 0.8 மில்லிமீற்றர் எனில் உருளையின் பள்ளமும் செப்பு முனையின் துளையும் அதே அளவுக்கு உரியனவாக இருக்க வேண்டும். உருக்குக் கம்பிக்கு 'வி' வடிவப் பள்ளமும், மென்மையான அலுமினியக் கம்பிக்கு 'யு' வடிவப் பள்ளமும், உள்ளே தூள் நிரப்பிய கம்பிக்குச் சொரசொரப்பான பள்ளமும் பொருத்தமானவையாகும்.

சுருளின் அச்சில் உள்ள தடையை, விசையை விட்டதும் சுருள் மேலும் சுழலாது நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்குதல் வேண்டும். அது மிகவும் தளர்ந்தால் கம்பி அவிழ்ந்து பெட்டியின் உலோகத்தைத் தொடும். மிகவும் இறுகினால் மோட்டார் திணறும். உருளைகளின் அழுத்தத்துக்கும் இதே நியாயமே பொருந்தும். அழுத்தம் குறைந்தால் கம்பி வழுக்கும். கூடினால் கம்பி நசுங்கிச் சுருட்குழாயினுள் தூளாகப் படியும். பாதை அடைபட்ட நிலையில் உருளைகள் தொடர்ந்து தள்ளினால் கம்பி பெட்டிக்குள் குருவிக்கூடு போலச் சிக்குண்டு கிடக்கும். முதலில் அழுத்தத்தைத் தளர்த்தி வைத்து, கம்பி வழுக்காது செல்லும் வரை சிறிது சிறிதாகக் கூட்டுவதே சரியான வழியாகும்.

டோர்ச்சின் நுனிக்குக் கம்பியைக் கொண்டுவரும் தருணமே விரல்களுக்கும் கண்களுக்கும் பெரும் ஆபத்தான தருணமாகும். கேபிளை நேராக நீட்டி வைத்து, செப்பு முனையைக் கழற்றி, மூடியை மூடிய பின்னர் மின்னிணைப்பைக் கொடுத்து விசையை அழுத்த வேண்டும். மின்னூட்டமின்றிக் கம்பியை மட்டும் நகர்த்தும் தனிப் பொத்தான் இருக்குமாயின் அதனையே பயன்படுத்துதல் வேண்டும். கம்பி வருகின்றதா எனத் துளையினுள் உற்று நோக்குவதும், உள்ளங்கையை நுனியில் வைத்துப் பார்ப்பதும், டோர்ச்சைப் பக்கத்தில் நிற்பவரை நோக்கிப் பிடிப்பதும் அறவே தவிர்க்கப்பட வேண்டியவை. அவ்வேளையில் வெளிவருவது ஓர் ஊசி என்றே கொள்ள வேண்டும். அது தோலைத் துளைத்து உட்செல்லும் வலிமை கொண்டது.

இனி இயக்கும் முறை. வாயுவுடன் பயன்படுத்தும் திண்மக் கம்பிக்கு டோர்ச் நேர்முனையிலும், வாயுவின்றிப் பயன்படுத்தும் தூள் நிரப்பிய கம்பிக்கு எதிர்முனையிலும் இணைக்கப்படுவதே வழக்கம். உற்பத்தியாளரின் கைந்நூலில் இதனை உறுதிப்படுத்திக்கொள்ளல் நன்று. மின்னழுத்தமும் கம்பியின் வேகமும் ஒன்றுக்கொன்று இசைந்திருக்க வேண்டும். வேகம் குறைந்தால் கம்பி பின்னோக்கி உருகிச் செப்பு முனையுடன் ஒட்டிக்கொள்ளும். கூடினால் கம்பி உலோகத்தில் முட்டி டோர்ச்சைப் பின்னே தள்ளும். பட்டறைக்குள் வாயுவின் பாய்ச்சல் நிமிடத்துக்கு 10 முதல் 15 லீற்றர் வரை இருப்பது பொதுவாகப் போதுமானது. வாயுக் கொள்கலனை நிமிர்த்திச் சங்கிலியால் சுவருடனோ வண்டியுடனோ பிணைத்தல் வேண்டும். 60 வீத வேலைச் சுழற்சி எனக் குறிப்பிடப்பட்ட இயந்திரத்தை, அதற்கெனக் கூறப்பட்ட மின்னோட்டத்தில், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடமே ஒட்டப் பயன்படுத்தி, எஞ்சிய நான்கு நிமிடம் ஆறவிட வேண்டும்.

இந்த இடத்தில் பட்டறைகள் எதிர்நோக்கும் ஒரு சங்கடத்தையும் குறிப்பிட வேண்டியுள்ளது. காற்று வீசினால் காப்பு வாயு கலைந்து ஒட்டு பழுதடையும். அதனால் சிலர் கதவை மூடிவிட்டு வேலை செய்கின்றனர். மூடிய அறையிலோ புகை தேங்குகின்றது. வாயுவானது ஒட்சிசனை வெளியேற்றி மூச்சுத்திணறலை ஏற்படுத்தவும் கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் வெல்டிங் புகையையும், வெல்டிங்கின்போது வெளிப்படும் புறஊதாக் கதிர்ப்பையும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என 2017 ஆம் ஆண்டு வகைப்படுத்தியது. நாகம் பூசிய குழாய்களை ஒட்டுபவர்களுக்குச் சில மணித்தியாலங்களின் பின் நடுக்கமும் காய்ச்சலும் ஏற்படுவதுண்டு. பால் அருந்தினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நிலவினாலும், நுரையீரலுக்குள் சென்ற புகையைப் பால் அகற்றமாட்டாது. வேலைத்தளத்தில் காற்றைத் திரையிட்டுத் தடுத்து, புகையை முகத்துக்கு அப்பால் இழுத்து வெளியேற்றும் விசிறியை அமைத்து, நாகப் பூச்சை முன்கூட்டியே அகற்றி வேலை செய்வதே உகந்தது. பிரேக் துப்புரவாக்கிகள் சிலவற்றில் குளோரின் சேர்ந்த கரைப்பான்கள் உள்ளன. வில்லின் வெப்பமும் கதிரும் பட்டால் அவற்றின் ஆவி நச்சு வாயுவாக மாறும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

கறுப்புக் கண்ணாடி ஒன்றை அணிந்து இவ்வேலையைச் செய்வோரை இன்றும் காண்கின்றோம். வெயிலுக்கென விற்கப்படும் கண்ணாடி வில்லின் ஒளியைத் தடுக்கப் போதாது. முகத்தையும் கழுத்தையும் அது காப்பதுமில்லை. கதிர் பட்ட கண் உடனே வலிப்பதில்லை. பல மணித்தியாலங்கள் கழிந்து, நள்ளிரவில் மணல் கொட்டியது போன்று எரிச்சல் தொடங்கும். அவ்வேளையில் வீட்டு வைத்தியமாக எதையேனும் கண்ணில் விடாது வைத்தியரை நாடுதல் வேண்டும். வீதியோரத்தில் ஒட்டும்போது பாடசாலை செல்லும் சிறுவர்களின் கண்களும் அவ்வொளியில் படுகின்றன. ஒரு சாக்குத் திரையேனும் தொங்கவிட்டால் அயலவருக்கும் நன்மை உண்டு. ஆனால் அத்திரையில் தீப்பொறி பற்றாதவாறு நனைத்து, தூரத்தில் கட்ட வேண்டும். எரிபொருள் இருந்த தாங்கியையோ பீப்பாயையோ வெறுமையாகத் தோன்றுகின்றது என்பதற்காக ஒட்ட முற்படலாகாது. எஞ்சிய ஆவி வெடித்துச் சிதறும்.

பராமரிப்பு என்பது பழுதடைந்த பின் செய்யும் வேலையன்று. ஒவ்வொரு முறை சுருள் மாற்றும்போதும் உருளைகளில் படிந்த செப்புத் தூளைத் தூரிகையால் துடைத்து, கண்ணாடி அணிந்து, சுருட்குழாயை உலர்ந்த அமுக்கக் காற்றினால் ஊதுதல் வேண்டும். துளை நீள்வட்டமாகத் தேய்ந்த செப்பு முனையை மாற்றுதல் வேண்டும். வேலை முடிந்ததும் வாயுவை மூடி, மின்னிணைப்பைத் துண்டித்து, பாவனையில்லாத சுருளைப் பொலித்தீன் பையினுள் இட்டு உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். கரையோர நகரங்களின் உப்புக் காற்றில் திறந்து கிடக்கும் கம்பி விரைவில் துருவேறும். துருவேறிய கம்பி சுருட்குழாயை அடைப்பதுடன் ஒட்டினுள் நுண்துளைகளையும் உண்டாக்கும்.

இதன் பாதிப்பு ஒட்டியவரோடு நின்றுவிடுவதில்லை. சரியான அளவுகள் இன்றி இடப்பட்ட மிக் ஒட்டு வெளியே மினுமினுப்பாகத் தோன்றும். உள்ளே உலோகம் இணையாதிருக்கும். மாடியின் கைபிடியில் சாயும் குழந்தையும், இழுவைப் பெட்டியின் பின்னே செல்லும் மோட்டார் சைக்கிளோட்டியும் அந்த ஒட்டை நம்பியே செல்கின்றனர்.

எமது நாட்டில் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இயந்திரங்களின் ஆபத்தான பாகங்களுக்குக் காப்பிட வேண்டுமென வலியுறுத்துகின்றது. 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையில் காயமுற்றோருக்கு நட்டஈடு வழங்க வழிசெய்கின்றது. எனினும், நட்டஈடு இழந்த பார்வையைத் திருப்பித் தரமாட்டாது. இரண்டு, மூன்று பேர் வேலை செய்யும் வீதியோரப் பட்டறையில், பாதுகாப்பு என்பது பெரிதும் முதலாளியின் மனச்சாட்சியிலேயே தங்கியுள்ளது. புதிதாகச் சேர்ந்த இளைஞனிடம் டோர்ச்சைக் கொடுக்கும் முன்னர், கம்பி ஊட்டியின் மூடியைத் திறந்து காட்டி, பத்து நிமிடம் செலவிட்டு விளக்க வேண்டிய பொறுப்பு அவருடையதே. தொழிற்பயிற்சி அதிகார சபை முதலான நிறுவனங்களில் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழுடன் வெல்டிங் கற்கும் வாய்ப்பு உண்டென்பதைப் பெற்றோரும் அறிந்திருத்தல் அவசியம்.

தலைக்கவசம், கையுறை, தோல் முன்னங்கி, மூடிய சப்பாத்து ஆகியவற்றை வீண் செலவென எண்ணும் பட்டறை உரிமையாளர்களிடம் நாம் ஒன்றை மட்டுமே கேட்க விரும்புகின்றோம். உங்கள் சொந்தப் பிள்ளை அந்த டோர்ச்சைப் பிடித்து நின்றால், இவற்றை வாங்குவதற்கு நாளைவரை காத்திருப்பீர்களா?