25 வருஷம் கழித்து மறுபடி குரோஷா ஊசி! முதலில் எதைப் பின்னுவது?

சென்னை: வழிப்பறி, வெட்டுக்குத்து, வராத தண்ணீர் லாரி என்று அலைகிற இந்த நிருபருக்கு, வீட்டுக்குள்ளேயே ஒரு ‘கேஸ்’ கிடைத்தது!

பரணில் இருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பா இறங்கியது. திறந்தால் ஒரு ஸ்டீல் குரோஷா ஊசி, பாதியில் நின்றுபோன வட்ட மேஜை விரிப்பு. அம்மாவின் கைவேலை. நான் பிறந்த வருஷம் நிறுத்தியது. 25 வருஷம் டப்பாவிலேயே தூங்கியிருக்கிறது!

“இதை முடிச்சிட்டுத்தான்டா மறுவேலை” என்று உட்கார்ந்துவிட்டார் அம்மா.

நூலுக்குப் பாரிமுனைக்கு அலைந்தது நான். அதே கம்பெனி, அதே 40 நம்பர் நூல். நாலு ராத்திரி கண் விழித்துப் பின்னினார். ஐந்தாம் நாள் தரையில் விரித்தால், அடப்பாவமே! நடுவில் பழுப்பு, சுற்றிலும் பளீர் வெள்ளை. அது மட்டுமா? பழைய கண்ணிகள் தளர்ச்சி, புதுக் கண்ணிகள் முறுக்கின கயிறு மாதிரி. ஓரமெல்லாம் கிண்ணம் போலத் தூக்கிக்கொண்டது! அன்றைக்குப் பின்னின கை வேறு, இன்றைய கை வேறு.

அம்மா ஒன்றும் பேசவில்லை. டப்பாவை மூடிவிட்டுச் சமையல்கட்டுக்குள் போய்விட்டார். எனக்குத்தான் சங்கடமாகிவிட்டது.

எதிர்வீட்டுப் பாட்டிதான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். “ஏம்மா, கை பழகறதுக்கு முன்னாடி யாராவது மேஜை விரிப்புல கைய வைப்பாளா? ரெண்டு நாள்ல முடியற சாமானா எடு!”

எதை எடுக்கலாம்?

டம்ளர் வைக்கிற வட்டம். ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். அரை அங்குலம் கூடினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. அடுத்தது, பாத்திரம் துடைக்கிற சதுரத் துணி. போய்த் திரும்புகிற நேர் வரிசைகள்தான். ஓரம் குறுகிக்கொண்டே போனால் கண்ணி விட்டுப்போகிறது என்று அர்த்தம். தப்பினால் நஷ்டமில்லை. ஒரே கொக்கி ஊசி வேலை ஆச்சே, முனையை இழுத்தால் சரசரவென்று பிரிந்துவிடும்! ரவிக்கை, தொப்பி எல்லாம் அப்புறம். உடம்புக்கு அளவு நிற்கவேண்டும்.

பெரிதாகத்தான் செய்வேன் என்கிறவர்கள் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பின்னலாம். பத்துச் சதுரத்தில் அலுத்துப்போனால் தலையணை உறை, அலுக்காவிட்டால் போர்வை! 2016 ஜனவரியில் சென்னையில் பெண்கள் கூடி கின்னஸ் சாதனை செய்தார்களே, 11 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட குரோஷே போர்வை, அதுவும் துண்டு துண்டாகப் பின்னி இணைத்ததுதான்.

நூலில் ஏமாறாதீர்கள்!

நம்பர் ஏற ஏற இழை மெலியும். எனவே 40 நம்பர் இப்போது வேண்டாம். பருமனான பருத்தி நூல், 4 மில்லிமீட்டர் ஊசி போதும். கறுப்பு, கருநீலம் கூடவே கூடாது. ராத்திரி டியூப்லைட்டில் கண்ணி எங்கே தெரியும்? சிலும்புகிற கம்பளியும் வேண்டாம், பிரிப்பதற்குள் உயிர் போய்விடும். ஒரே சாமானுக்கு வேண்டிய நூலை மொத்தமாக வாங்கிவிடுங்கள். லேபிளில் லாட் நம்பர் இருக்கும். அது மாறினால் சாயமும் மாறலாம்.

இன்னொரு வில்லங்கம், பெயரில். இங்கிலாந்துக் கணக்கில் ‘டிரெபிள்’ என்பதை அமெரிக்கக் கணக்கில் ‘டபுள் குரோஷே’ என்பார்கள். இரண்டும் ஒரே தையல்! பழைய புத்தகத்தில் இருப்பது ஒன்று, செல்போன் வீடியோவில் சொல்வது ஒன்று. எந்த ஊர்க் கணக்கு என்று முதலிலேயே பார்க்காவிட்டால் அளவு பாதியாகவோ இரட்டிப்பாகவோ போய் நிற்கும். எங்கள் வீட்டில் இதற்கே ஒரு நாள் போயிற்று.

அம்மா இதுவரை ஆறு டம்ளர் வட்டம் முடித்துவிட்டார். முதலாவது கோணல், ஆறாவது பரவாயில்லை. பழைய விரிப்பு? புதிதாகப் பின்னின வெள்ளை வரிசைகளை மட்டும் பிரித்தார். பழுப்பு வட்டத்துக்குச் சிவப்பு நூலில் ஓரம் கட்டினார். வெள்ளைக்கு வெள்ளை பொருத்தினால்தானே வித்தியாசம் தெரியும்? இப்போது அது மிக்ஸி மேல் ஜோராக உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தது வாசல் தோரணமாம். நூலுக்கு நாளைக்கும் பாரிமுனைக்கு நான்தான் போகணும்!